பெருவாத்தும் கசப்பு நீங்கிய பயறும்

பொன் முட்டையிட்ட வாத்தின் கதை உங்களுக்குத் தெரியும். ஆங்கிலேயர் சொல்லும் கதையில் வருவது நம் வயல்களில் மேயும் சிறு வாத்து அன்று. நீண்ட கழுத்தும் பருத்த உடலும் கொண்ட ‘கூஸ்’ என்னும் பெருவாத்து. அது பொன் முட்டை இடவில்லை. புல்லை இறைச்சியாக்கித் தந்தது. ஐரோப்பிய உழவனுக்கு அதுவே பொன்னாயிற்று.

மனிதன் இப்பறவையைப் பேணத் தொடங்கி நெடுங்காலமாகிறது. எகிப்தில் சக்காரா என்னுமிடத்தில், 4,000 ஆண்டுகளுக்கும் முற்பட்ட கல்லறைச் சுவர்களில், பெருவாத்துகளுக்குத் தீனி ஊட்டிக் கொழுக்க வைக்கும் காட்சிகள் செதுக்கப்பட்டுள்ளன.

பசுவுக்கு உள்ளதுபோல் நான்கு அறை இரைப்பை இல்லாத இப்பறவை புல்லைத் தின்று வாழ்வது எங்ஙனம்? இதன் வயிற்றிலுள்ள தசை மிகுந்த அரைவைப் பை சுருங்கும்போது ஏறத்தாழ 270 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் உண்டாகிறது. இது வளிமண்டல அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம்! விழுங்கிய சிறு கற்கள் அம்மிபோல் உதவ, புல் நசுங்கிச் சாறு வெளிப்படுகிறது. நாரின் பெரும்பகுதி செரிக்காமலே வெளியேறிவிடும். ஆகவே இப்பறவை ஓயாமல் மேய வேண்டியிருக்கிறது.

வட ஐரோப்பிய உழவர்கள் பருவங்களையே தீவனப் பட்டியலாகக் கொண்டனர். வசந்தத்தில் குஞ்சு பொரிக்கும்; அப்போது தளிர்ப்புல்லில் புரதம் மிகுதி. கோடையில் மேய்ச்சல். அறுவடைக்குப்பின் வயலில் சிந்திய தானியம். நவம்பர் 11, புனித மார்ட்டின் திருநாளில், கொழுத்த வாத்து விருந்தாகும். புல் தீரும் காலமும் அதுதான்.

ஆனால் ஆயிரக்கணக்கில் வளர்க்கும்போது இந்தக் கணக்கு போதாது. முதல் சில வாரங்களில் குஞ்சின் தீவனத்தில் ஏறத்தாழ 20 விழுக்காடு புரதம் வேண்டும். ஓட்ஸ் தானியத்தில் இருப்பதோ சுமார் 11 விழுக்காடு. இக்குறையை நிரப்ப, 44 விழுக்காடும் அதற்கு மேலும் புரதமுள்ள சோயாப் பிண்ணாக்கு வந்தது. அது கடல் கடந்து வந்த பொருள்.

அருகிலேயே வேறொரு பயிர் இருந்தது. ஜெர்மனியிலும் போலந்திலும் பரந்து கிடக்கும் மணற்பாங்கான சமவெளியில் லூப்பின் என்னும் பயறுவகைச் செடி செழித்து வளரும். லூபிட்ஸ் பண்ணையை 1855இல் வாங்கிய ஷூல்ட்ஸ் என்பவர், நம்மவர் கொளுஞ்சியை மடக்கி உழுவதுபோல் இதை உழுது மணலை வளப்படுத்தினார். வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்களின் துணையால் பயறுவகைச் செடிகள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பெறுகின்றன என்பதை 1886இல் ஹெல்ரீகல், வில்பார்த் ஆகிய இருவரும் விளக்கினர். நைட்ரஜன் இல்லையேல் புரதம் ஏது? மஞ்சள் லூப்பின் விதையில் சோயாவுக்கு நிகராக ஏறத்தாழ 40 விழுக்காடு புரதம் உண்டு.

தடையாக நின்றது கசப்பு. அது நச்சுத்தன்மையுள்ள ஆல்கலாய்டுகளால் வருவது. கோடியில் ஒன்றேனும் கசப்பற்ற செடி இயற்கையில் இருக்குமல்லவா? 1920களின் இறுதியில், பெர்லினுக்குக் கிழக்கேயுள்ள முன்செபர்க் ஆய்வு நிலையத்தில் செங்புஷ் என்ற இளம் அறிஞர் அதைத் தேடினார். செடியின் சாற்றில் ஒரு வினைப்பொருளைச் சேர்த்தால், ஆல்கலாய்டு இருக்கும் சாறு கலங்கும். இல்லாதது தெளிந்தே நிற்கும். இவ்விதம் இலட்சக்கணக்கான செடிகளைச் சோதித்து, விரல்விட்டு எண்ணத்தக்க ‘இனிப்பு’ லூப்பின்களைக் கண்டெடுத்தார்.

எனினும் மலிவான சோயா வந்துகொண்டிருந்தவரை இதன் அருமை பலருக்கும் புலப்படவில்லை. 1972இல் பெரு நாட்டுக் கடலில் நெத்திலி வளம் குன்றி, மீன்தூள் தீவனம் அருகியது. சோயாவின் விலை ஏறியது. 1973 ஜூன் 27இல் அமெரிக்க அரசு சோயா ஏற்றுமதியைத் திடீரெனத் தடை செய்தது. சில நாட்களில் தடை தளர்ந்தாலும் ஐரோப்பா திடுக்கிட்டு விழித்தது. பட்டாணி, அகன்ற அவரை ஆகியவற்றைத் தீவனத்துக்காக விளைவிப்பதை ஊக்குவிக்க ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் 1978இல் உதவித் திட்டம் கொண்டுவந்தது.

போலந்து நாட்டில் பெருவாத்துகளைப் புல்வெளியில் வளர்த்து, கடைசி மூன்று வாரம் ஓட்ஸ் கொடுத்துக் கொழுக்க வைக்கும் முறை இன்றும் உண்டு. அங்குள்ள ஆய்வாளர்கள் சோயாவுக்குப் பதிலாக மஞ்சள் லூப்பினைக் கொடுத்து வளர்த்த வாத்துகளின் இறைச்சியை ஆராய்ந்து, 2020இல் முடிவுகளை வெளியிட்டனர்.

சிக்கல் முற்றிலும் தீர்ந்துவிடவில்லை. லூப்பின் புரதத்தில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் குறைவு. அதைத் தனியே சேர்க்க வேண்டும். விளைச்சலும் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. ஐரோப்பா இன்றும் பெருமளவு சோயாவை இறக்குமதி செய்கிறது.

ஒரு பறவையை ‘உள்ளூர்ப் பறவை’ என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அதன் உடலிலுள்ள புரதம் எந்த மண்ணில் விளைந்தது என்பதையும் கேட்டுப் பாருங்கள். அப்போதுதான் அது எந்த ஊர்ப் பறவை என்பது விளங்கும்.