இரண்டு மலையாளிகள்

கள்ளக்குறிச்சிக் கூட்டமொன்றில் ஒருவர், கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடிகள் கேரளத்திலிருந்து வந்தவர்கள், வீட்டுக்குள் மலையாளம் பேசுகிறவர்கள் என்று முழங்கினார். கைதட்டலும் கிடைத்தது. அந்த மலைமேல் இருக்கும் வெள்ளிமலைக்கு பஸ் ஏறிப்போய் ஒரு டீக்கடையில் கால்மணி நேரம் உட்கார்ந்திருந்தால் அவருக்கு இந்த மயக்கம் வந்திராது. அங்கே காதில் விழுவது தமிழ்.

மலையாளி என்ற பெயரைப் பிரித்தால் மலை, ஆள், இ. இங்கே ஆளுதல் அரசாளுதல் அன்று. கடனாளி கடனை ஆள்வதில்லை. கடன்தான் அவனை ஆள்கிறது. நோயாளி, அறிவாளி எல்லாவற்றிலும் ‘உடையவர்’ என்பதே பொருள். இவர்கள் தங்களைக் காராளர் என்றும் சொல்லிக்கொள்வதுண்டு. நிகண்டுகள் வேளாளருக்குத் தரும் பெயர் அது. கார் என்பது மழைமேகம். அதிலும் அதே ‘ஆள்’. சேரநாட்டாருக்கும் மலையாளி என்ற பெயர் வாய்த்தது, அங்கேயும் மலை இருப்பதால். ஒரே தெருவில் இரண்டு முருகேசன் இருந்தால் அண்ணன் தம்பி ஆகிவிடுவார்களா?

தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட குலங்கள் பற்றிய தொகுதிகளிலேயே தமிழக மலையாளிகளின் பூர்வீகக் கதை இருக்கிறது: மூன்று சகோதரர்கள் காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டுச் சேர்வராயன், கொல்லி, பச்சை மலைகளுக்குப் போனார்கள். காஞ்சி எங்கே, கொச்சி எங்கே!

இந்தப் பெயரின் தடம் அடிவாரத்திலும் உண்டு. கல்வராயன் மலையின் கீழ்த்திசையில் திருக்கோவலூர். கபிலர் பாடிய மலையமான் திருமுடிக்காரியின் ஊர். 2019 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டம். மலையமான் நாடு சுருங்கி மலாடு ஆயிற்று, கல்வெட்டுகளில் மிலாடு என்றும் திரிந்தது. சேக்கிழார் மெய்ப்பொருள் நாயனாரை மலாடர் கோமானாகவே காட்டுகிறார். தொல்காப்பிய உரைகாரர் எண்ணிய பன்னிரு கொடுந்தமிழ் நிலங்களில் மலாடும் ஒன்று. அதாவது, இந்த வட்டாரத்துப் பேச்சுக்குத் தனி வழக்கு உண்டு என்று அன்றே கண்டுகொண்டார்கள்.

1971இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வில் கருணாகரன் கொல்லிமலைப் பேச்சைத் தமிழின் கிளைமொழியாகவே விவரித்தார். கல்வராயன், பச்சைமலை, சேர்வராயன், சவ்வாது மலைப் பேச்சுகள் அதன் உடன்பிறப்புகள். காஞ்சியிலிருந்து யார் ஏறி வந்திருந்தாலும், மலையன், மலையமான், மலாடு என்று அடிவாரத்தில் பெயர் ஏற்கெனவே காத்திருந்தது. கல்வராயனில் இன்று ஒலிப்பது மலாட்டுத் தமிழ் என்பது என் துணிபு.