முறிவு இல்லாத வீழ்ச்சி: முதியோரின் வாழ்க்கைத் தரம் குறித்த ஓர் ஆய்வு

1. பொருளும் எல்லையும்

முதியவர் ஒருவர் விழுந்தால் மருத்துவமனைச் சீட்டில் பெரும்பாலும் எலும்பின் பெயர்தான் ஏறுகிறது: இடுப்பு முறிவு, மணிக்கட்டு முறிவு. எதுவும் முறியவில்லை என்றால், "நல்லவேளை, பலமா அடி இல்ல" என்று வீட்டார் நிம்மதி அடைகிறார்கள். அந்த நல்லவேளைக்குப் பிறகு நடப்பதையே இக்கட்டுரை ஆராய்கிறது. முறிவே இல்லாத வீழ்ச்சியும் முதியவரின் அன்றாடத்தைப் பறிக்கக் கூடும். அவருடைய அச்சமும், அந்த அச்சத்தைக் கண்டு வீட்டார் போடும் தடைகளும் அதில் பெரும்பங்கு வகிக்கின்றன என்பது இதன் கருதுகோள்.

65 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் விழுகிறார். வீழ்ச்சியால் உலகில் ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. ஆனால் விழுபவர்களில் மிகப் பெரும்பாலோர் எழுந்து, தொடர்ந்து வாழ்பவர்கள். இங்கே பேசப்படுவது அவர்களைப் பற்றி.

வாழ்க்கைத் தரம் என்பதை அதே நிறுவனம், ஒருவர் தம் பண்பாட்டுக்கும் விழுமியங்களுக்கும் நடுவே நின்று தம் வாழ்நிலையைத் தாமே எப்படி உணர்கிறார் என்பதாக வரையறுத்தது. 1990களில் அதற்கான கேள்வித்தாள் உருவானபோது பங்கேற்ற உலக மையங்களில் சென்னையும் ஒன்று. உடல், மனம், உறவுகள், சுற்றுப்புறம் என்று நான்கு களங்களை அந்தக் கேள்வித்தாளின் சுருக்க வடிவம் அளக்கிறது. எக்ஸ்ரேயில் முதல் களத்தின் ஒரு துண்டு மட்டுமே தெரியும்.

2. தரையில் கிடந்த நேரம்

பர்மிங்காமில் பணியாற்றிய முதியோர் மருத்துவர் பெர்னார்ட் ஐசக்ஸ், நிலைதடுமாறுதலை முதுமையின் பெரும் இடர்களில் ஒன்றாக வகுத்தவர். அவரும் சகாக்களும் 1981இல் வெளியிட்ட ஆய்வில், விழுந்த பின் ஒரு மணி நேரத்துக்கு மேல் தரையிலேயே கிடந்தவர்களில் பாதிப் பேர் ஆறு மாதத்துக்குள் இறந்திருந்தார்கள். காயம் பெரிதாக இல்லாதவர்களும் அவர்களில் இருந்தார்கள். எழ முடியாமை, அதுவரை யாரும் கவனிக்காத உடல் தளர்ச்சியின் அறிகுறி. நம் வீடுகளில் இது குளியலறையில், தாழ்ப்பாள் போட்ட கதவுக்குப் பின்னால் நேரலாம். பேரப்பிள்ளைகள் பள்ளிக்கும் மற்றவர்கள் வேலைக்கும் போய்விட்ட பகலில், கூப்பிடு தூரத்தில் ஆள் இருக்காது. அந்த ஒரு மணி நேரத்தை அனுபவித்தவர் அதற்குப் பின் குளியலறைக் கதவை முன்போல் திறப்பதில்லை.

3. அச்சம்

ஐசக்ஸும் மர்ஃபியும் 1982இல், விழுந்து மருத்துவமனையில் சேர்ந்த 36 முதியவர்களைப் பற்றி எழுதினார்கள். பலர் நடக்கும்போது கைக்கு எட்டியதையெல்லாம் பற்றிக்கொண்டார்கள். பிடி இல்லாமல் ஓரடி வைக்கவும் தயங்கினார்கள். இதற்கு அவர்கள் 'வீழ்ச்சிக்குப் பிந்தைய நோய்க்குறித் தொகுப்பு' என்று பெயரிட்டார்கள். சுவரைத் தடவிக்கொண்டே கூடத்தைக் கடக்கும் பாட்டியை நாமும் பார்த்திருக்கிறோம். அதை ஒரு நோய்க்குறியாக நினைத்துப் பார்த்திருக்க மாட்டோம்.

இந்த அச்சத்துக்கு விலை என்ன? ஆஸ்திரேலியாவில் 75 வயதைக் கடந்த 194 பெண்களிடம் நடத்தி 2000இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு எண்ணாலேயே விடை சொல்கிறது. முழு நலத்துக்கு 1, இறப்புக்கு 0 என்று வைத்து, வெவ்வேறு நிலைகளை மதிப்பிடச் சொன்னார்கள். இடுப்பு எலும்பு முறிந்து, பிறர் பராமரிக்கும் இல்லத்தில் சேர வேண்டிய நிலைக்கு அவர்கள் தந்த மதிப்பு 0.05. பத்தில் எட்டுப் பேர் அதைவிட இறப்பதே மேல் என்றார்கள். பலரும் மேற்கோள் காட்டுவது இந்த எண்ணைத்தான். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது இன்னொன்று: விழுந்துவிடுவோமோ என்ற பயத்தோடு வாழும் நிலைக்கு அவர்கள் தந்தது 0.67. அதாவது, பயம் மட்டுமே வாழ்வின் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிடுகிறது என்று அந்தப் பெண்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

யேல் பல்கலைக்கழகத்தின் மேரி டினெட்டி 1990இல் இந்த அச்சத்தை அளக்க ஒரு கருவி அமைத்தார். அதன் வழிவந்த பன்னாட்டு வடிவம் 16 செயல்களைப் பற்றிக் கேட்கிறது. குளிப்பது, உடுத்துவது, கடைக்குப் போவது, வழுக்கும் தரையில் நடப்பது என்று போய், வழிபாடு, குடும்ப விசேஷம் போன்ற கூட்டங்களுக்குச் செல்வதில் முடிகிறது. நம் ஊருக்கென்று ஒன்றிரண்டைச் சேர்க்கலாம்: விடியற்காலையில் தண்ணீர் தெளித்த வாசலில் குனிந்து கோலம் போடுவது, நிலைப்படி தாண்டுவது, பந்தி முடிந்த ஈரத்தில் கைகழுவப் போவது. கல்யாணத்துக்கு வராமல் நின்றுபோகும் பெரியவர், "உடம்பு முடியல" என்று மட்டும்தான் சொல்லி அனுப்புவார்.

4. வீட்டாரின் அன்பு

"அப்பா, நீங்க ஏன் எழுந்திரிக்கிறீங்க? சொன்னா நாங்க எடுத்துத் தர மாட்டோமா?" இதைச் சொல்லும் மகளின் அன்பில் குறையில்லை. ஆனால் உடல் வேறு விதமாகக் கணக்குப் போடுகிறது. நலமாக இருந்த முதியோரைப் பத்து நாள் படுக்கையில் வைத்துச் சோதித்த ஓர் அமெரிக்க ஆய்வில் (2007), கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை கரைந்திருந்தது. நடக்காத கால் மெலிகிறது. மெலிந்த கால் அடுத்த வீழ்ச்சியை அருகே கொண்டுவருகிறது.

வீட்டாரின் தடைகளால் இன்னொரு தீங்கும் உண்டு. விழுந்ததைச் சொன்னால் மாடிச் சாவி கைமாறும், காலை நடை நின்றுபோகும் என்று தெரிந்தவர் அடுத்த முறை விழுந்ததைச் சொல்வதில்லை. கைச் சிராய்ப்பைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொள்கிறார். மறைத்த வீழ்ச்சிக்குக் காரணம் தேட வழியில்லை. இரத்த அழுத்த மாத்திரை எழுந்து நிற்கும்போது கிறுகிறுப்பைத் தருகிறதா, தூக்க மாத்திரை இரவில் தள்ளாட வைக்கிறதா, கண்புரை முற்றிவிட்டதா என்று யாரும் கேட்கப் போவதில்லை.

5. மீட்சி

காரணங்கள் பல என்பதால் தீர்வும் பல முனைகளில் தொடங்க வேண்டும். டினெட்டி குழுவின் 1994 ஆய்வில் மருந்துச் சீரமைப்பு, உடற்பயிற்சி, பழக்க மாற்றம் ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுத்தபோது, ஓராண்டில் விழுந்தவர்கள் 35 விழுக்காடு. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 47 விழுக்காடு. 108 ஆய்வுகளை ஒன்றுசேர்த்த 2019ஆம் ஆண்டுக் கோக்ரேன் மதிப்பாய்வு, உடற்பயிற்சி வீழ்ச்சிகளின் எண்ணிக்கையைச் சுமார் 23 விழுக்காடு குறைப்பதாகக் கண்டது. சமநிலையைச் சோதிக்கும் பயிற்சியே இதில் முதன்மையானது. நாற்காலியில் உட்கார்ந்து கையை மட்டும் ஆட்டினால் போதாது.

குளியலறையில் கைப்பிடி, இரவு விளக்கு, தேய்ந்த ரப்பர் செருப்பை மாற்றுவது ஆகியவை பலரும் அறிந்தவை. நாம் செய்யாதது, விழுந்தால் எழுவது எப்படி என்று கற்றுக்கொடுப்பது. முதலில் அடிபட்டிருக்கிறதா என்று பார்த்து மூச்சுவிட்டுக்கொள்ள வேண்டும். பிறகு பக்கவாட்டில் புரண்டு, முழங்கை ஊன்றி, கையும் முழங்காலுமாகத் தவழ்ந்து ஒரு நாற்காலியை அடைந்து, வலுவுள்ள காலை முன்வைத்து எழ வேண்டும். தரையில் உட்கார்ந்து சாப்பிட்ட தலைமுறைக்கு இது ஒருகாலத்தில் தெரிந்த அசைவுதான். பாயில் தொடங்கலாம். பக்கத்தில் நகராத கனமான நாற்காலி ஒன்று இருக்கட்டும். முதல் சில நாள் வீட்டார் ஒருவர் கைநீட்டாமல் அருகே நிற்கட்டும்.