பெயரில் நிற்கும் மரங்கள்

வன்னிப் பெருநிலத்தின் ஊர்ப்பெயர்களை உற்று நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலப்படும். மாங்குளம், புளியங்குளம் என மரமும் குளமும் இணைந்தே ஊராயின. காடு மழைநீரைத் தாங்கி மெல்ல விடுத்தது. குளம் அதனைத் தேக்கியது. கரையில் நின்ற மருது மண்ணை இறுகப் பற்றியது. பாலைப்பழம் மாந்தர்க்கும் கரடிக்கும் ஒருங்கே உணவாயிற்று.

இரணைமடுவுக்கு நீரூட்டும் கனகராயன் ஆறு சென்று சேரும் சுண்டிக்குளக் கடனீரேரி, 1938இல் பறவைகள் சரணாலயமாகவும் 2015இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. ஆயினும், ஆற்றின் மேற்காடு அழியுமாயின், வெள்ளத்தோடு வரும் வண்டல் குளத்தைத் தூர்க்கும்; கடனீரேரிக்கு வரும் நன்னீரும் நிலைகுலையும்; பறவையும் இரையிழந்து அகலும். எனவே, பறவையைக் காக்கும் பணி கடற்கரையிலன்று, காட்டிலேயே தொடங்குகிறது. மரம் பெயரில் மட்டுமே எஞ்சிய ஊராக வன்னியின் எவ்வூரும் ஆகிவிடலாகாது.