அண்டை வீட்டுப் போரும் ஆண்டிபட்டியின் வாக்கும்

1984-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், ஆண்டிபட்டித் தொகுதி மக்கள் ஒரு வேட்பாளரை அவர் வந்து வாக்குக் கேளாமலேயே வெற்றிபெறச் செய்தார்கள். வேட்பாளரான எம்.ஜி.இராமச்சந்திரன் அப்போது அமெரிக்க நாட்டின் புரூக்ளின் மருத்துவமனையில் நோயுற்றுக் கிடந்தார். வைகை அணைப் பக்கமோ வருசநாட்டுப் பக்கமோ அவரால் வர இயலவில்லை. ஆயினும் மக்கள் வாக்குகளை அள்ளித் தந்தார்கள். தேனி தனி மாவட்டமாகப் பிரிவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய செய்தி இது.

இலங்கை மலையகத்து நாவலப்பிட்டியில் பிறந்தவர் அவர். அந்த நாட்டின் போருக்குள் இந்தியா காலடி வைத்தபோது தமிழகத்தின் முதலமைச்சராக இருந்தவரும், நம் ஆண்டிபட்டியின் சட்டமன்ற உறுப்பினராக இருந்தவரும் அவரே. ஆகவே அந்த வரலாற்றை நாம் வேறு எவருடைய கதையாகவோ படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிட முடியாது.

உலகில் எங்கேனும் போர் மூளும்போதெல்லாம், அண்டை நாடும் அதில் இழுக்கப்படுமா என்ற கேள்வி எழுகிறது. உக்ரைனைப் பற்றியும் மேற்காசியாவைப் பற்றியும் நாம் இதையே கேட்டுக்கொண்டிருந்தோம். விடை தேட அத்தனை தொலைவு போகவேண்டியதில்லை. ஒரு காலத்தில் அந்த அண்டை நாடாக நாமே இருந்தோம்.

பழைய மதுரை மாவட்டத்துச் சிற்றூர்களுக்கு இலங்கை புதிய பெயரன்று. கங்காணிகளின் பின்னே, மண்டபம் முகாம் வழியாகக் கடல் கடந்து தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றவர்கள் தென்மாவட்டங்களெங்கும் உண்டு. 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அந்த உழைப்பாளர்களின் வழிவந்தோரை நாடற்றவர் ஆக்கிற்று. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேர் பத்தாண்டுகளுக்குப் பின் பாதிக்குப் பாதியாகப் பிரிக்கப்பட்டார்கள். மக்களைக் கேளாமலேயே இரு தலைநகரங்களும் அவர்களைப் பங்கிட்டுக்கொண்ட அந்த வழக்கத்தை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னரும் அது திரும்ப வரும்.

1983 ஜூலையில் கொழும்பிலும் மலையகத்திலும் தமிழர் வீடுகள் எரிந்தன. படகுகள் இராமேசுவரம் கரையை வந்தடைந்தன. நான்கு ஆண்டுகளுக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் தமிழகத்தில் தஞ்சம் புகுந்தார்கள். ஊர்தோறும் கடையடைப்பும் ஊர்வலமும் நடந்தன. இந்தியப் படையை அனுப்புக என்ற முழக்கம் எல்லாக் கட்சி மேடைகளிலும் எழுந்தது. அந்தச் சினத்தில் பொய்யில்லை.

இந்திய அரசு அப்போது இரு கைகளால் வேலை செய்தது. ஒரு கை சமரசத் தூதராக ஜி.பார்த்தசாரதியைக் கொழும்புக்கு அனுப்பியது. மறு கை போராளி இயக்கங்களுக்கு மறைவாகப் படைப்பயிற்சியும் ஆயுதமும் தந்தது. தமிழக அரசும் 1987 ஏப்ரலில் அவ்வியக்கங்களுக்கு 4 கோடி ரூபாய் அறிவித்தது. நடுவராக அமர்ந்திருப்பவரே ஒரு தரப்புக்கு ஆயுதமும் தருவாரானால், நாளை இரு தரப்பும் அவரை நம்பாமற் போகும் என்பதை அன்று எண்ணிப் பார்த்தவர் சிலரே.

அதற்குக் காரணமும் உண்டு. 1971-ஆம் ஆண்டின் வெற்றி எல்லார் மனத்திலும் பசுமையாக இருந்தது. கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் அகதிகளாக வந்தார்கள், டிசம்பர் 3-ஆம் நாள் தொடங்கிய போர் பதின்மூன்றே நாளில் முடிந்தது, வங்கதேசம் பிறந்தது, அடுத்த மார்ச்சு மாதத்திற்குள் நம் படை திரும்பிவிட்டது. அங்கே தேர்தலில் பெரும்பான்மை பெற்ற ஒரு கட்சி இருந்தது; போரின் நோக்கமும் தெளிவாக இருந்தது. ஈழத்தில் இயக்கங்களோ பல. அவை தமக்குள்ளேயே சுட்டுக்கொண்டன. இந்த வேற்றுமையை முழக்கத்தின் ஒலி மறைத்துவிட்டது.

1987 மே மாத இறுதியில் இலங்கைப் படை வடமராட்சியில் பெருந்தாக்குதல் தொடுத்தது. ஜூன் 3-ஆம் நாள் உணவும் மருந்தும் ஏற்றிச் சென்ற இந்தியப் படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பியனுப்பியது. மறுநாளே ஐந்து ஏஎன்-32 விமானங்கள், மிராஜ் போர் விமானங்களின் காவலோடு யாழ்ப்பாணத்தின் மீது பறந்து உணவுப் பொதிகளைப் போட்டன. பசித்தவனுக்கு அரிசி இடுவதில் என்ன குற்றம்? குற்றமில்லை. எனினும், அனுமதியின்றி அயல்நாட்டு வானில் நுழைந்த நாடு அதன்பின் விலகி நிற்பது எளிதாக இருக்கவில்லை.

ஜூலை 29 அன்று இராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். போரிட்ட இயக்கங்கள் அதில் கையெழுத்திடவில்லை. அவற்றின் சார்பில் ஆயுத ஒப்படைப்பை நிறைவேற்றும் பொறுப்பு இந்தியாவின் தலையில் விழுந்தது. திருகோணமலைத் துறைமுகத்தைப் பிற நாடுகள் படைத் தேவைக்குப் பயன்படுத்தலாகாது என்பது போன்ற உறுதிமொழிகளும் உடன் பரிமாறிக்கொண்ட கடிதங்களில் இருந்தன. கருணையோடு கணக்கும் கலந்தே இருந்தது. மறுநாள் அணிவகுப்பில் நின்ற சிங்களக் கடற்படை வீரன் ஒருவன் துப்பாக்கிக் கட்டையால் இராஜீவைத் தாக்கினான். ஆகஸ்டு 2 அன்று சென்னைக் கடற்கரையில் நடந்த பெருங்கூட்டத்தில் இராஜீவும் எம்.ஜி.ஆரும் ஒரே மேடையில் நின்று ஒப்பந்தத்தை வரவேற்றார்கள்.

யாழ்ப்பாணத்தில் மாலையிட்டு வரவேற்கப்பட்ட அமைதிப்படை, அக்டோபர் 10-ஆம் நாள் விடுதலைப் புலிகளோடு போரில் இறங்கியது. காப்பாற்றப் போன மக்களின் தெருக்களிலேயே அந்தப் போர் நடந்தது. அக்டோபர் 21, தீபாவளி நாள். அன்று யாழ்ப்பாணப் பொது மருத்துவமனைக்குள் நுழைந்த இந்தியப் படையினரின் துப்பாக்கிச் சூட்டில் நோயாளரும் மருத்துவரும் தாதியருமாகப் பலர் மாண்டனர். டிசம்பர் 24 அன்று எம்.ஜி.ஆர் மறைந்தார்; ஆண்டிபட்டியின் இடம் காலியாயிற்று.

1989-இல் கொழும்பில் ஆட்சிக்கு வந்த பிரேமதாசா, இந்தியப் படை வெளியேற வேண்டும் என்றார்; அதை எதிர்க்கப் புலிகளுக்கு ஆயுதமும் கொடுத்தார். பகைவர் இருவரும், நடுவே வந்தவரை வெளியேற்றுவதற்காகச் சிறிது காலம் ஒன்றானார்கள். 1990 மார்ச்சு 24 அன்று கடைசி அணி கப்பலேறியது. ஏறத்தாழ 1200 இந்திய வீரர்கள் உயிர் துறந்திருந்தார்கள். திரும்பிய படையைச் சென்னைத் துறைமுகத்தில் வரவேற்க அன்றைய முதலமைச்சர் கருணாநிதி செல்லவில்லை. தமிழ் மக்களைச் சுட்ட படையை எப்படி வரவேற்பது என்பது அவர் தரப்பின் நியாயம். ஆணைக்குக் கீழ்ப்படிந்து போனவன் செய்த பிழை என்ன என்பது வீரனின் குடும்பம் கேட்ட கேள்வி. இரண்டையும் ஒரே தராசில் வைத்து நிறுக்க நம்மால் இன்றுவரை இயலவில்லை.

மூன்று மாதத்திற்குள் அங்கே மீண்டும் போர் மூண்டது. படகுகள் மீண்டும் வந்தன. 1991 மே 21 அன்று திருப்பெரும்புதூரில் இராஜீவ் காந்தி கொலையுண்டார். அதன்பின் தமிழகத்தின் முகமே மாறிப்போயிற்று. எட்டு ஆண்டுகளுக்கு முன் கண்ணீரோடு வரவேற்ற அதே மக்கள், அகதியை ஐயத்தோடு பார்க்கத் தொடங்கினார்கள். கொலையில் எந்தப் பங்குமில்லாத முகாம்வாசிகள் காவல்துறையின் கண்காணிப்புக்குள் வந்தார்கள்.

தலையிட்டதால் வந்த துன்பம் இதுவென்றால், தலையிடாதிருந்தால் நன்மை விளைந்திருக்குமா? அதற்கும் வரலாறு விடை வைத்திருக்கிறது. 1999 நவம்பரில் மடுமாதா திருத்தலத்தில் தஞ்சமடைந்திருந்த மக்கள் மீது எறிகணைகள் விழுந்து நாற்பது பேரளவில் மடிந்தபோது இந்தியப் படை அங்கில்லை. 2009-இல் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தபோதும் இல்லை. அந்த இறுதி மாதங்களில் 40,000 பேர்வரை இறந்திருக்கக்கூடும் என்று ஐ.நா. வல்லுநர் குழு 2011-இல் கூறியது. ஆகவே, போகாதிருந்ததை அறிவுடைமை என்று நாம் மார்தட்டிக்கொள்ளவும் இடமில்லை.

எல்லையில் வாழும் நமக்கு இதன் சிறு வடிவம் ஒன்று தெரியும். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணைச் சிக்கல் முற்றியபோது, கூடலூரிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஆயிரமாயிரம் பேர் குமுளி எல்லையை நோக்கி நடந்தார்கள். அந்த நாட்களில் முதலில் அடிபட்டவர்கள் யார்? நாள்தோறும் ஜீப்பில் மலையேறி ஏலத்தோட்டத்தில் கூலிவேலை பார்த்தவர்களே. இரு பக்கத்தையும் நம்பிப் பிழைப்பவரே முதற்பலி ஆகிறார். தமிழகத்தின் அகதி முகாம்களில் இருப்பவர்களும் அத்தகையோரே.

நூற்றுக்கு மேற்பட்ட அம்முகாம்களுக்கு 2021-இல் மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றப்பட்டது. பெயர் மாறியதும் நன்றே. ஆனால் இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே மணமுடித்து வாழ்பவர்களில் மிகப் பலருக்கு நம் குடியுரிமை கிட்டவில்லை. 2019-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்திலும் இலங்கையின் பெயர் இல்லை. 1964-இல் கேளாமலே பங்கிடப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளும் இவர்களுள் உண்டு.

போருக்குப் படை அனுப்புவதும் அனுப்பாதிருப்பதும் தில்லியின் முடிவுகள். நம் சொல் அங்கே எத்தனை எட்டும் என்பது ஐயமே. ஆனால் நம் வாசலுக்கு வந்து நாற்பது ஆண்டுகளாக நிற்பவரை ஊராரில் ஒருவராக ஏற்பதற்குப் படையும் வேண்டாம், விமானமும் வேண்டாம். அண்டை வீட்டுப் போரில் நாம் செய்திருக்கக்கூடிய தீங்கற்ற செயல் அது ஒன்றுதான். அதையே நாம் இன்னும் முடிக்கவில்லை.