வரைகலை அட்டையும் தமிழ் எழுத்தும்

பழைய வரைகலை அட்டையையும் புதியதையும் ஒப்பிடுவோர் வேகத்தையும் நினைவகத்தையுமே அளக்கின்றனர். ஐ.பி.எம். 1981-இல் எழுத்துப் பணிக்கென அளித்த ஒற்றைநிற அட்டையின் நினைவகம் 4 கிலோபைட்; 2022-இல் வெளிவந்த என்விடியா ஆர்டிஎக்ஸ் 4090-இன் நினைவகம் 24 கிகாபைட். ஏறத்தாழ 63 இலட்சம் மடங்கு! எனினும், எழுத்தை நேசிக்கும் நமக்கு வேறோர் அளவுகோல் தேவை.

அந்த ஐ.பி.எம். அட்டையில் 256 குறிகள், எங்கள் மேல்மலையனூரை அடுத்த செஞ்சிக் கோட்டையின் கல்வெட்டுப் போல, மாற்றவியலாதபடி பொறிக்கப்பட்டிருந்தன. அவற்றுள் தமிழ் இல்லை. ஒரு புள்ளியைக்கூடத் தனியே இட இயலாது. 1982-இன் ஹெர்குலிஸ் அட்டை இத்தடையை நீக்கியது: அதே திரையில் 720க்கு 348 புள்ளிகள், ஒவ்வொன்றும் நம் விருப்பப்படி. அதை உருவாக்கிய வான் சுவன்னுகுல், தம் ஆய்வேட்டைத் தாய்லாந்து எழுத்தில் எழுத விரும்பியே அம்முயற்சியில் இறங்கினார் என்பர்.

இங்கே, கான்பூர் ஐ.ஐ.டி.யில் தொடங்கிப் புனேயின் சி-டாக் நிறுவனத்தில் வளர்ந்த ஜிஸ்ட் அட்டை, தமிழ் உள்ளிட்ட இந்திய எழுத்துகளைக் கணினித் திரைக்குக் கொணர்ந்தது.

இன்று கைப்பேசியில் தமிழ் படிக்கும் நம் மாணவர்க்குத் தனி அட்டை எதுவும் வேண்டியதில்லை. புதிய அட்டைகள் தந்தது வேகம். நம் எழுத்துக்குத் திரையில் இடம் தந்தவை அந்தப் பழைய அட்டைகளே.