கள்ளுக்கடைச் சீட்டு

மது விற்போருக்கு அரசாங்கம் வழங்கும் லைசென்சு எவர் விற்கலாம், எவ்விடத்தில் விற்கலாம், எந்நேரம் வரை விற்கலாம், இலாபம் எவரைச் சேரும் என்பவற்றை முடிவு செய்கின்றது. ஆயின், குடிப்பவனுடைய மனைவி மக்களின் சம்மதத்தை அது என்றேனும் கேட்டதுண்டா? வரலாறு கூறும் விடையைப் பார்ப்போம்.

சிங்கப்பூரில் 1820-ஆம் ஆண்டிலேயே பார்க்குவார் துரை அபினி, சாராயம், சூதாட்டம் ஆகிய மூன்றையும் குத்தகைக்கு விட்டார். பணம் கட்டிக் குத்தகை எடுத்தவனுக்கே தனியுரிமை. அப்பணம் ஊர் நிர்வாகத்திற்கு உதவிற்று. குடி வளர்ந்தால் வருமானமும் வளரும் என்றால், அதைக் குறைக்க விரும்புவோர் யார்?

பின்னர் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. தமிழ்நாட்டினின்று நம் மக்கள் கூட்டங்கூட்டமாய் வந்தனர். நகரங்களில் சர்க்கார் கள்ளுக்கடைகள் ஏற்பட்டன. தோட்டங்களிலோ கடை நடத்தும் அனுமதி தோட்ட நிர்வாகத்திற்கே கிடைத்தது. கூலி கொடுப்பவரும் அவரே, கள் விற்பவரும் அவரே! இலாபத்தைத் தொழிலாளர் நலனுக்குச் செலவிட வேண்டும் என்பது ஏற்பாடு. தொழிலாளி வியர்வை சிந்திப் பெற்ற காசைக் கள்ளுக்கு வாங்கி, அதில் ஒரு பங்கை அவனுக்கே தருமமெனத் திருப்பியளிப்பது எத்தகைய நலன்?

“நல்ல கள்ளைக் கண்காணிப்புடன் விற்காவிடில் தொழிலாளி கள்ளத்தனமாய்க் காய்ச்சிய சம்சுவைத் தேடுவான்” என்று கடைகளை ஆதரித்தோர் வாதித்தனர். இதில் சிறிதும் உண்மையில்லை என்று தள்ளிவிட இயலாது. சம்சு உயிரையே குடித்ததுண்டு. எனினும், நாள் முழுதும் உழைத்து லயத்திற்குத் திரும்புபவனுக்குப் படிப்பகமோ விளையாட்டோ இல்லாமல், கள்ளுக்கடை ஒன்றே களிப்பிடமாய் இருந்ததன் பொறுப்பு யாருடையது?

இதனைத் தொழிலாளரே உணர்ந்தனர். 1941-இல் கிள்ளான் வட்டாரத்தில் ஆர். எச். நாதன் முதலியோர் தலைமையில் வேலைநிறுத்தம் எழுந்தது. சம கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, பெண்களின் மானத்திற்குப் பாதுகாப்பு, துரைமார் எதிரில் சைக்கிளை விட்டு இறங்காதிருக்கும் உரிமை ஆகியவற்றுடன், கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்றும் கேட்டனர். கூலி கேட்டவர்களே தங்கள் காசு கரையும் கடையையும் மூடச் சொன்னது சிந்திக்கத்தக்கது. நாதன் நாடுகடத்தப்பட்டார், துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர். 1947-இல் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கு எதிராகக் கிளர்ந்தபோதும் போலீசாருடன் மோதல் நேர்ந்து உயிர்ச்சேதம் உண்டாயிற்று.

இன்று நிலை வேறு. சிங்கப்பூரில், 2013-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள் லிட்டில் இந்தியாவில் கலவரம் நிகழ்ந்தபின், 2015 ஏப்ரல் முதல் புதிய மதுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இரவு 10.30 மணி முதல் காலை 7 மணி வரை பொதுவிடத்தில் குடித்தல் கூடாது. கடைகளில் வாங்கிச் செல்லவும் தடை. உணவகங்களில் மட்டும் அவரவர் லைசென்சு அனுமதிக்கும் நேரம் வரை அமர்ந்து அருந்தலாம்.

தெருவின் அமைதியைச் சட்டம் காக்கின்றது, நன்று. இல்லத்தின் அமைதியைக் காப்பது யார்? தோழர்களே, கிள்ளான் தொழிலாளர் அன்று விடை கூறினர். கடையை மூடுமாறு சர்க்காரைக் கேட்கும் நாம், சம்பள நாளன்று நம் கால்கள் எத்திசை நோக்கி நடக்கின்றன என்பதையும் கேட்டுக்கொள்வோமாக.