நல்ல கருமுட்டை எது? - ஒரு தேடலின் வரலாறு

1981 ஜூன் 9. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வர்ஜில் என்ற கன்று பிறந்தது. உலகின் முதல் சோதனைக்குழாய்க் கன்று இதுதான். பிராக்கெட் குழுவினர் இதற்குப் பயன்படுத்திய கருமுட்டை, பசுவின் உடலுக்குள்ளேயே முதிர்ந்து வெளிவந்த ஒன்று. அதாவது, தேர்வு செய்யும் வேலையை இயற்கையே முடித்துக் கொடுத்துவிட்டது!

ஆனால் ஒரு சினைச் சுழற்சியில் பசு வழக்கமாக ஒரு முட்டையைத்தான் வெளியிடும். இறைச்சிக்கூடத்தில் வீணாகும் சினைப்பைகளிலோ ஏராளமான முட்டைகள் உண்டு. ஆனால் அவை முதிராதவை. இயற்கை அவற்றில் பெரும்பாலானவற்றை அழியவிட்டிருக்கும். அவற்றில் தேறுவது எது என்று இனி மனிதன்தான் சொல்லியாக வேண்டும்.

உடலுக்கு வெளியேயும் பசுவின் முட்டை முதிரும் என்று 1965-லேயே ராபர்ட் எட்வர்ட்ஸ் காட்டியிருந்தார். எந்த முட்டை முதிரும் என்ற கேள்வியை 1979-ல் லீப்ஃபிரைட், ஃபர்ஸ்ட் இருவரும் ஆராய்ந்தனர். முட்டையைச் சோதிக்க அதை உடைத்தால் கன்று கிடைக்காது. எனவே வெளித்தோற்றத்தைத்தான் நம்ப வேண்டும். முட்டையைச் சுற்றி கியூமுலஸ் செல்கள் பல அடுக்காக நெருங்கியிருக்க வேண்டும், உள்ளே சைட்டோபிளாசம் சீராக இருக்க வேண்டும் என்பது ஆய்வகங்களில் பொது விதியானது.

1995-ல் இந்த விதி ஆட்டம் கண்டது. கனடாவின் பிளாண்டின், சிரார்ட் இருவரும், வெளி அடுக்குச் செல்கள் லேசாக விரியத் தொடங்கிய, சற்றே துகள்கள் தெரிகிற முட்டைகள் கச்சிதமானவற்றைவிட நன்றாக வளர்வதைக் கண்டனர். அழகான முட்டையே சிறந்த முட்டை அல்ல!

பிறகு சாயம் வந்தது. பிரில்லியன்ட் கிரெசில் புளூ என்ற நீலச் சாயத்தை, இன்னும் வளர்ந்து கொண்டிருக்கும் முட்டையிலுள்ள ஒரு நொதி நிறமற்றதாக்கிவிடும். வளர்ச்சி முடிந்த முட்டையில் அந்த நொதி குறைவு. ஆகவே அது நீலமாகவே நிற்கும். 2000-க்குப் பின் இம்முறை மாடுகளிலும் சோதிக்கப்பட்டது.

2016-ல் உலக அளவில் பசுக்களுக்கு மாற்றப்பட்ட கருக்களில், ஆய்வகத்தில் உருவானவை உடலுக்குள் உருவானவற்றை முதன்முறையாக முந்தின. ஆனாலும் முதிர வைக்கும் 10 முட்டைகளில் 3 அல்லது 4 மட்டுமே மாற்றத்தக்க கருவாகின்றன. மீதி ஏன் தோற்கின்றன என்பதற்கான விடையின் ஒரு பகுதி, நுண்ணோக்கியில் தெரியாத முட்டையின் உள்ளே இருக்கிறது. அன்றாட வேலையில் இன்றும் பெரிதும் நம்பப்படுவது, அந்த நுண்ணோக்கியில் பதிந்த மனிதக் கண்தான்.